பித்தும் தெளிவும்: குணங்குடியார் பாடல்களில் உணர்வும் அறிவும்

மஸ்தான் என்பது பாரசீக வழி வந்த பெயர். 'மஸ்த்' என்றால் மயக்கம், வெறி. மதங்கொண்ட யானையின் நிலையையும் வடநாட்டார் இதே சொல்லால் குறிப்பர். சுல்தான் அப்துல் காதிர் என்று பெற்றோர் இட்ட பெயரை மறக்கடித்துக் குணங்குடியாருக்கு இந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அவருடைய பாடல்களைப் படிக்கும் முறையையும் இப்பெயரே தீர்மானித்துவிட்டது எனலாம். அன்பர்கள் அவரை இறைக்காதலில் புத்தியைத் தொலைத்த பேரின்பப் பித்தராகப் போற்றுகின்றனர். சீர்திருத்த நோக்குடையோர் அதே பித்தைக் குறையாகக் காட்டி, மார்க்கத்தின் தெளிந்த அறிவுக்கு ஒவ்வாத உணர்ச்சிப் பெருக்கு என்று ஒதுக்குகின்றனர். புகழ்வோரும் இகழ்வோரும் ஒரு செய்தியில் உடன்படுகின்றனர்: இப்பாடல்களில் உணர்வு உண்டு, சிந்தனை இல்லை என்பதே அது. அவ்வுடன்பாடு பிழையானது என்பது இக்கட்டுரையின் கருத்து. பிழை இலக்கியத்தோடு நின்றிருந்தால் இத்தனை விரிவாக எழுத வேண்டியதில்லை. நம் இல்லங்களில் மனம் நொந்து கிடப்போரை நாம் எப்படி நடத்துகிறோம் என்பது வரை அது நீண்டு செல்கிறது.

வாழ்க்கைக் குறிப்புகளைச் சுருக்கமாகப் பார்ப்போம். இராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியை அடுத்த குணங்குடியில் 1792-இல் பிறந்தவர். கீழக்கரையில் தைக்கா சாகிபு என வழங்கப்பெற்ற ஷெய்கு அப்துல் காதிர் ஆலிமிடம் மார்க்கக் கல்வி பயின்றார். தாய்மாமன் மகளை மணமுடிக்க வீட்டார் கருதியபோது இல்லறத்தை மறுத்து வெளியேறினார் என்பர். திருச்சிராப்பள்ளியில் காதிரிய்யா வழியில் தீட்சை பெற்றதும், சிக்கந்தர் மலையில் நாற்பது நாள் தனித்திருந்ததும், வடபுலம் சுற்றியதும் மரபாகச் சொல்லப்படுபவை. வாழ்வின் இறுதிப் பகுதியை வடசென்னையில், அன்று லெப்பைக்காடு என்று வழங்கிய புதர்க்காட்டில் கழித்து, 1838-இல் ஐம்பதை எட்டுமுன் மறைந்தார். அடக்கமாகியிருக்கும் இடம் இன்றைய இராயபுரம்.

இங்கு ஓர் இடைக்குறிப்பு. 'தொண்டியார்' வாழ்ந்ததால் தண்டையார்பேட்டை என்று ஊருக்குப் பெயர் வந்தது என மேடைதோறும் சொல்கிறார்கள். நூல்களிலும் எழுதிவிட்டார்கள். ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனி 1693-இலேயே எழும்பூர், புரசைவாக்கம் ஆகியவற்றோடு சேர்த்துப் பெற்ற ஊர்களில் தண்டையார்பேட்டையும் ஒன்று. குணங்குடியார் பிறப்பதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்னரே பெயர் இருந்திருக்கிறது. அன்பு மிகுதியால் வரலாற்றை வளைப்பது அன்னாருக்குச் சிறப்புச் செய்வதாகாது. உணர்வு மேலோங்கிச் சிந்தனை பின்தங்கும் நிலை அவரிடம் இருந்ததோ இல்லையோ, அவரைப் பற்றி எழுதுவோரிடம் இருக்கிறது.

அவர் வந்து சேர்ந்த கடற்கரையும் துறவியர் தொடர்பு உடையதுதான். வடக்கே சிறிது தொலைவில் திருவொற்றியூர். பட்டினத்தார் அடங்கிய இடம் அது என்பது தமிழகம் அறிந்த செய்தி. குணங்குடியார் மறைந்த 1838-இல் ஏழுகிணற்றுப் பகுதியில் வளர்ந்துகொண்டிருந்த இராமலிங்கருக்கு வயது பதினைந்து. அவரும் திருவொற்றியூருக்குப் போய்ப் போய்ப் பாடிக்கொண்டிருந்தவர். இருவரும் சந்தித்ததாகக் கதை கட்ட வேண்டியதில்லை. ஆயினும் நெஞ்சோடு வழக்காடும் பாடல், தன்னையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் பாடல், அழுகையை அறிவின் ஒரு வாயிலாகக் கொள்ளும் பாடல் என்னும் வகை இக்கரையில் புதிதன்று. குணங்குடியாரின் நேரடி முன்னோடியான தாயுமானவரும் இராமநாதபுரத்தில் அடங்கியவர். 'பராபரக்கண்ணி' என்னும் பெயரையே குணங்குடியார் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டார். கேட்போர் காதுக்குப் பழகிய யாப்பை எடுத்து, அதில் 'றஹ்மான் கண்ணி'யையும் பாடினார். ஐயாசாமி முதலியார் போன்ற இந்துச் சீடர்கள் அவரிடம் வந்ததும், திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் அவர்மீது நான்மணிமாலை பாடியதும் இந்தப் பொதுமொழியால் இயன்றவை. ஐயர் அக்காலச் சென்னைப் புலவர் உலகில் மதிப்புப் பெற்றவர். பிதற்றலுக்கு நான்மணிமாலை சூட்ட அவருக்குத் தேவை இருந்திருக்காது.

பாடல்களுக்குள் நுழையுமுன், இஸ்லாமிய மரபு உணர்வையும் அறிவையும் எப்படிக் கண்டது என்பதை நினைவுகொள்ள வேண்டும். இரண்டையும் எதிரெதிரே நிறுத்தி ஒன்றைத் தேர்ந்துகொள்ளும்படி கேட்பது நம் மரபின் வழக்கமன்று. 'கல்பு' என்னும் சொல்லே அதற்குச் சான்று. திருமறையில் உள்ளம் அஞ்சுகிறது, அமைதியுறுகிறது, இறுகுகிறது. அதே உள்ளம்தான் விளங்கிக்கொள்கிறது, விளங்க மறுக்கிறது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவின் இருபத்தொன்றாம் நூலை முழுமையாக உள்ளத்தின் விந்தைகளுக்கே ஒதுக்கினார். வேட்டைக்குப் புறப்பட்ட குதிரை வீரனை அதில் அவர் உவமையாக்குகிறார். அறிவு வீரன், இச்சை குதிரை, சினம் வேட்டைநாய். குதிரையையும் நாயையும் கொன்றுவிட்டு வேட்டைக்குப் போக முடியாது. பழக்கப்படாத குதிரையோடும் போக முடியாது. உணர்வை அழிக்கச் சொன்னவராக கஸ்ஸாலியைக் காட்டுவோர் இவ்வுவமையின் பாதியை மட்டும் படித்தவர்கள்.

கஸ்ஸாலி இதை ஏட்டிலிருந்து மட்டும் கற்கவில்லை. 1095-இல் பக்தாதின் நிஜாமிய்யாவில் புகழின் உச்சியில் இருந்தபோது, பாடம் சொல்ல வாய் திறந்தால் நா எழவில்லை. உணவு இறங்கவில்லை. உள்ளத்தில் தொடங்கிய நோய் உடலுக்குப் பரவியிருக்கிறது, அந்தக் கவலை தீராமல் மருந்து பயன்படாது என்று மருத்துவர்கள் கைவிட்டதாகத் தம் வரலாற்றில் அவரே எழுதுகிறார். எல்லாம் அறிந்த அறிவாளிக்கு அறிவு மட்டும் போதாமற்போன இடம் அது. அவருக்கும் முன்னரே, 934-இல் மறைந்த அபூ ஸைத் அல்-பல்கீ உடல்நலத்தையும் உளநலத்தையும் ஒரே நூலில் இரு பகுதிகளாக எழுதியிருந்தார். சினம், அச்சம், துயரம், மனத்தை விடாது பற்றும் வீண் எண்ணங்கள் ஆகியவற்றைத் தனித்தனியே ஆராய்ந்தார். வீட்டில் மருந்து சேமித்து வைப்பதுபோல, மனம் அமைதியாய் இருக்கும் நாளிலேயே நல்ல எண்ணங்களைச் சேர்த்து வைத்து, துயர் மிகும் நாளில் எடுத்து ஆள வேண்டும் என்பது அவர் கூறும் வழி. அந்நூலின் உளநலப் பகுதியை சூடான் நாட்டு உளவியலறிஞர் மாலிக் பத்ரீ 2013-இல் ஆங்கிலத்தில் தந்தார். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேலைநாட்டில் வளர்ந்த சிந்தனைவழி உளச்சிகிச்சையின் சாயலை ஆயிரம் ஆண்டு முந்திய நூலில் கண்டு அவர் வியந்தார். மறுபுறம், அன்டோனியோ டமாசியோ என்னும் நரம்பியல் அறிஞர் 1994-இல் எழுதிய நூலில் சில நோயாளிகளைக் காட்டினார். மூளையின் முன்பகுதி பழுதுற்று, அறிவுக்கூர்மை குறையாமல் உணர்வு மட்டும் மங்கியவர்கள் அவர்கள். அன்றாட முடிவு ஒன்றைக்கூட அவர்களால் ஒழுங்காக எடுக்க இயலவில்லை. உணர்வு வற்றினால் சிந்தனையும் தள்ளாடுகிறது.

இனி பாடல்களுக்கு வருவோம். உணர்ச்சிப் பெருக்கு என்போர் முதலில் 'அகத்தீசன் சதக'த்தின் அமைப்பைப் பார்க்க வேண்டும். குருவை விளித்துப் பாடிய அந்நூல் மனம்போன போக்கில் கொட்டப்பட்டதன்று. குருவருள், தவம், துறவு, நியமம், வளி, பொறை, காட்சி, தியானம், சமாதி என நிலை நிலையாகப் பகுக்கப்பட்டிருக்கிறது. யோகநூல்களின் வைப்புமுறையும் ஸூஃபியரின் 'மகாமாத்' என்னும் படிநிலைக் கருத்தும் அங்கே ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. ஒவ்வொரு நிலையிலும் பேசுவோனின் உணர்வு வேறாகிறது. துறவைப் பாடும்போது உலகின்மேல் எரிச்சல், நியமத்தில் தன்மேல் கண்டிப்பு, காட்சியில் வியப்பு. எந்த உணர்வு எந்த நிலைக்கு உரியது என்று அறிந்து அதனதன் இடத்தில் வைக்கும் வேலையைச் செய்தது பித்து என்றால், அந்தப் பித்துக்குக் கணக்குத் தெரிந்திருக்கிறது. மா. வடிவேலு முதலியார் போன்றோர் இப்பாடல்களுக்கு உரை எழுத முன்வந்ததும், உரை தாங்கும் அளவுக்குப் பொருள் செறிந்திருந்ததால்தான்.

கண்ணிகளில் இவ்வொழுங்கு வேறு வடிவம் எடுக்கிறது. இரண்டிரண்டு அடியாகச் செல்லும் கண்ணி குறுகிய இடம். அதற்குள் ஒரு துயரத்தைச் சொல்லி, அதன் காரணத்தைத் தொட்டு, இறுதியில் விளியில் வந்து முடிய வேண்டும். பராபரமே, ரகுமானே, நிராமயமே, மனோன்மணியே என்று நூலுக்கு ஒரு விளி. எத்தனை பெரிய புலம்பலானாலும் இரண்டாம் அடியின் முடிவில் நின்று, அந்தப் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகலாம். ஒரு கண்ணியின் அழுகை அடுத்த கண்ணிக்குள் வழிந்தோட யாப்பு விடுவதில்லை. தஸ்பீஹ் மணியை உருட்டிய விரல்களுக்கு இந்த நடை புரியும். ஒரு மணிக்கும் மறுமணிக்கும் இடையே சிறு நிறுத்தம் இருக்கிறது. உணர்வு அந்த நிறுத்தத்தில் தணிந்து, எண்ணம் தலையெடுக்கிறது. ஃபக்கீர்மார் தாயிரா கொட்டிப் பாடும்போது இந்நிறுத்தம் தாளத்தின் வேகத்தில் கரைந்துபோகிறது. அதனால்தான் கேட்டறிந்தவர்கள் வெறியையும், அச்சில் படித்தவர்கள் ஒழுங்கையும் காண்கிறார்கள் போலும். இரண்டும் உள்ளவையே. ஆனால் திறனாய்வு செய்வோர் ஒருமுறையேனும் மெல்லப் படித்திருக்க வேண்டும்.

விளியைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். என் கருத்தில் குணங்குடியாரின் பாடலுலகுக்குத் திறவுகோல் அதுவே. 'முகியித்தீன் சதக'த்தில் ஷெய்கு அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்களை, 'அகத்தீசன் சதக'த்தில் குருவை, கண்ணிகளில் இறைவனை என்று அவர் எப்போதும் யாரையேனும் முன்னிலைப்படுத்திக்கொண்டே பாடுகிறார். தன்மையில் தொடங்கும் துயரம் முன்னிலையில் சென்று முடியாத இடம் அரிது. தன்னைத் தாழ்த்துகிறார், தன் மனத்தைக் குரங்கு என்கிறார், வயிற்றுக்காகவும் ஆசைக்காகவும் அலைந்ததைச் சொல்லி நாணுகிறார். இந்தத் தற்பழியை மட்டும் பிரித்தெடுத்துப் பட்டியலிட்டால், இன்றைய மருத்துவர் இவரை மனச்சோர்வு உற்றவர் என்று எழுதிவிடக்கூடும். ஆனால் மனச்சோர்வின் தற்பழி உள்ளே சுற்றிச் சுற்றி வருவது. தன்னையே கேட்டுத் தானே தண்டனை விதித்துக்கொள்வது. அதற்குக் கேட்போர் இல்லை, கேட்போர் உண்டு என்ற நம்பிக்கையும் இல்லை. குணங்குடியாரின் தற்பழிக்கு எப்போதும் எதிரே ஒருவர் இருக்கிறார். ஒருவரிடம் சொல்ல வேண்டுமாயின் சொல்வதைத் தொகுக்க வேண்டும், காரணம் காட்ட வேண்டும், வேண்டுவது இன்னதென்று தெரிந்திருக்க வேண்டும். முன்னிலையில் பேசுவதே சிந்திப்பதன் ஒரு வகைதான்.

யஃகூப் நபி (அலை) அவர்களின் வரலாறு இங்கு நினைவுக்கு வருகிறது. அழகிய பொறுமையை மேற்கொண்ட அதே நபி, மகனைப் பிரிந்த துயரில் கண்கள் வெளுக்கும் அளவு அழுதார் என்பது யூசுஃப் அத்தியாயம் தரும் செய்தி. பொறுமை ஒரு பக்கம், கண்ணீர் ஒரு பக்கம் என்று திருமறை பிரிக்கவில்லை. மக்கள் இடித்துரைத்தபோது அவர் கூறிய மறுமொழியின் பொருள், தம் முறையீடு இறைவனிடம் மட்டுமே என்பது. அழுகை உண்டு, ஆனால் அதற்கு முகவரி இருக்கிறது. தம் குழந்தை இப்ராஹீம் மறைந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்ணீர் வடித்ததும், உடனிருந்த தோழர் அதைக் கண்டு வியந்ததும் நாம் அறிந்தவை. ஆண்மகன் அழலாகாது, ஈமான் உள்ளவன் கலங்கலாகாது என்று நம் வீடுகளில் வழங்கும் அறிவுரைக்கு மார்க்கத்தில் இடம் எங்கே என்று தெரியவில்லை.

தன்னை இடித்துரைக்கும் உள்ளத்துக்குத் திருமறை இட்ட பெயர் 'நஃப்ஸ் லவ்வாமா'. தீமைக்குத் தூண்டும் உள்ளத்துக்கும் அமைதியுற்ற உள்ளத்துக்கும் இடையில் அதை வைத்து விளக்குவர் ஸூஃபியர். இடைநிலை என்பதால் அது தங்குமிடம் ஆகாது. குணங்குடியார் பாடல்களில் எனக்குக் குறையாகத் தோன்றுவது இவ்விடத்தில்தான். சில கண்ணிகளில் தற்பழி பழக்கமாகிவிடுகிறது. பாடியவருக்கு உண்மையாக இருந்தது சொல்லுக்கு வெறும் சடங்காகிறது. உலகைப் பழிக்கும் பாடல்களில் சித்தர் மரபின் வாய்பாட்டை அப்படியே ஏற்று, பெண்ணையே மயக்கமாகவும் வலையாகவும் ஆக்கிவிடுகிறார். இதைக் காலத்தின் இயல்பு என்று சொல்லித் தப்பிக்க நாம் விரும்பவில்லை. தன் ஆசையைச் சிந்தித்துப் பார்ப்பதற்குப் பதிலாக ஆசைப்பட்ட பொருளின்மேல் பழி போடும்போது, மற்ற இடங்களில் அவர் காட்டும் நேர்மை குறைந்துபோகிறது. விந்தை என்னவெனில் 'மனோன்மணிக் கண்ணி'யில் அவரே இறைவனைப் பெண்ணாக்கி, காதலனாக நின்று உருகுகிறார். தாய்மாமன் மகளை மறுத்துப் புறப்பட்டவரின் நெஞ்சில் காதல் மொழி அழியாமல் இருந்து வேறு திசையில் பாய்ந்தது எனலாம். அங்கே பெண் இழிவுக்கு உரியவளாகவில்லை. உணர்வு அழிக்கப்படாமல் உயர்த்தப்படுகிறது. வீரன் குதிரையைக் கொல்லாமல் பழக்கினான் என்று கஸ்ஸாலியின் உவமையால் சொல்லலாம். குணங்குடியாரின் மிகச் சிறந்த கண்ணிகள் இந்நூலில் இருப்பதாக நான் கருதுவதும் இதனால்தான்.

மயக்கமும் தெளிவும் பற்றிய வழக்கு ஸூஃபியர் உலகில் மிகப் பழையது. பாயஸீத் பிஸ்தாமி (ரஹ்) 'ஸுக்ர்' என்னும் மயக்கத்தின் வழிக்கும், 910-இல் மறைந்த ஜுனைத் பக்தாதி (ரஹ்) 'ஸஹ்வ்' என்னும் தெளிவின் வழிக்கும் எடுத்துக்காட்டுகளாகச் சொல்லப்படுவர். ஜுனைதின் நெறியில் மயக்கத்துக்குப் பின் தெளிவுக்குத் திரும்புவதே நிறைவு. மஸ்தான் என்னும் பெயரைக் கேட்டதும் குணங்குடியாரைப் பாயஸீதின் பக்கம் நிறுத்திவிடுகிறோம். பாடல்களின் யாப்பு அவரை ஜுனைதை நோக்கி அழைத்து வருகிறது. எதுகையும் மோனையும் தவறாது, நிலைகளை வரிசைப்படுத்தி, சீடர்கள் ஏட்டில் எழுதிக்கொள்ளும்படி பாடியவர் திரும்பி வந்தவர்தான். திரும்பி வராதவரிடமிருந்து நமக்குப் பாடல் கிடைத்திருக்காது.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? குணங்குடியாரின் சொந்த மாவட்டத்திலேயே, ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியுமுன் நடந்ததை நாம் மறக்கலாகாது. தனியார் நடத்திய மனநலக் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். 28 பேர் மாண்டனர். தர்காவின் அருளை நம்பி உறவினர் கொண்டு வந்து விட்டுச் சென்றவர்கள் அவர்கள். ஜியாரத்தின் பெயரால் காப்பகம் நடத்திப் பணம் பண்ணியவர்களை அன்று எல்லோரும் கண்டித்தோம். ஆனால் அவர்களை அங்கே அனுப்பிய எண்ணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டோமா? பித்து என்றாலே அதில் ஏதோ மறைபொருள் இருக்கிறது, அது மருத்துவத்துக்கு அப்பாற்பட்டது என்னும் மயக்கம் நம்மிடம் இருக்கிறது. அதன் மறுபக்கமாக, பித்தனுக்குச் சிந்தனையே கிடையாது, ஆகையால் அவனிடம் பேச வேண்டியதில்லை, கட்டிவைத்தால் போதும் என்னும் கொடுமையும் இருக்கிறது. குணங்குடியாரைப் புகழ்வோரின் பிழையும் இகழ்வோரின் பிழையும் இங்கே சந்திக்கின்றன. இறைநேசரை நோயாளியாகவும் நோயாளியை இறைநேசராகவும் குழப்பும் சமூகம் இருவருக்கும் நீதி செய்வதில்லை.

குணங்குடியார் காலத்துச் சென்னையில் மனநோயாளிகளுக்கான இல்லம் இல்லாமலில்லை. வாலன்டைன் கனோலி என்னும் கம்பெனி மருத்துவர் 1794-இல் தொடங்கியது அது. பின்னர் 1871-இல் கீழ்ப்பாக்கத்தில் அரசு மருத்துவமனையாயிற்று. லெப்பைக்காட்டில் புதர்களிடையே திரிந்தவரைப் பித்தர் என்று ஊர் சொன்னது. ஆயினும் அவரை அங்கே கொண்டு சேர்க்காமல், அவர் சொல்வதை உட்கார்ந்து கேட்டது. கேட்டபின் அது பித்தன்று என்று தெரிந்தது. கேட்கும் அந்தப் பொறுமைதான் உண்மையில் நோயுற்றவர்களுக்கு இன்று மறுக்கப்படுகிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் விலங்கிடுவதை முற்றிலும் தடை செய்துவிட்டது. ஏர்வாடியிலேயே தர்காவின் துஆவோடு அரசு மருத்துவரின் மருந்தையும் சேர்த்து வழங்கும் ஏற்பாடு வந்தது. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை என்று கருதியவர்கள் பல்கீயைப் படித்திருந்தால் இத்தனை காலம் ஆகியிருக்காது. இராயபுரத்து அடக்கத்தலத்திலிருந்து ஸ்டான்லி அரசு மருத்துவமனை அதிகத் தொலைவில்லை. வியாழன் மாலை ஃபாத்திஹா ஓதிவிட்டு வெள்ளி காலை மனநலப் பிரிவுக்குப் போவதில் ஈமானுக்கு என்ன குறை வந்துவிடும்?

எதிர்ப்புறத்திலிருந்து ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். குணங்குடியாரை மன அமைதிக்கான மருந்துப் புட்டியாக்கி விற்கும் போக்கு அண்மையில் வளர்ந்து வருகிறது. ஸூஃபித்துவம் என்றால் எதையும் தாங்கிக்கொள்ளும் சாந்தம் என்று பேசுகிறார்கள். அவர் திரிந்த காடு இன்று துறைமுகச் சுவரும் பெட்டக லாரிகளுமாக இருக்கிறது. 1856-இல் தென்னகத்தின் முதல் இரயில் இராயபுரத்திலிருந்து புறப்பட்டது முதல் இக்கரையின் நிலம் தொழிலுக்கு என்று ஆகிவிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவு எண்ணூர்க் கழிமுகத்தை மூடியது. அதே மாதம் 26-ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி உரத் தொழிற்சாலைக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மீனவக் குப்பத்தினர் மூச்சுத் திணறித் தெருவுக்கு ஓடிவந்தனர். அவர்களின் சினத்தை மனநலக் குறைவு என்று யாரும் சொல்லிவிட முடியாது. கஸ்ஸாலியின் உவமையில் சினம் நாய்தான். ஆனால் காவலுக்கும் வேட்டைக்கும் வேண்டிய நாய். 'அகத்தீசன் சதக'த்தில் வரும் பொறைநிலை தன்னை வென்றவன் கொள்ளும் பொறை. பிறர் இழைக்கும் தீங்குக்கு வாய்மூடி இருப்பதற்கு அதை மேற்கோள் காட்டுவது பாடலைத் திருடுவதற்கு ஒப்பாகும். தன் ஆசையிடம் கடுமையாக இருந்தவர் அவர்; உலகின் அநீதியிடம் இணக்கமாக இருந்தவராக அவரைப் பாடல்களில் காண இயலாது.

இறுதியாக, அதிகம் பேசப்படாத 'நிராமயக் கண்ணி'யைப் பற்றி ஒன்று. இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாறு எழுதிய ம. மு. உவைஸ், பீ. மு. அஜ்மல்கான் முதலியோரின் பெரும்பணிக்குப் பின்னும், குணங்குடியாரின் ஒவ்வொரு விளியையும் தனித்து ஆராய்ந்த கட்டுரைகள் போதிய அளவில் வரவில்லை. ரகுமான் என்பது திருமறைப் பெயர். பராபரம் தாயுமானவர் வழி வந்தது. நிராமயம் வடசொல், சைவ நூல்களில் வழங்குவது. 'ஆமயம்' என்றால் நோய், நிராமயம் நோயற்றது. இறைவனுக்கு எத்தனையோ பெயர்கள் இருக்க, நோயின்மை என்னும் பொருள் தரும் ஒரு சொல்லை எடுத்து ஒரு கண்ணிநூல் முழுதும் விளியாக்கியிருக்கிறார். தன் குறைகளைச் சொல்லிச் சொல்லி, ஒவ்வொரு முறையும் நோயற்ற ஒன்றின் முகத்தில் போய் நிற்கிறார். மறுமை நாளில் பயன்தரக்கூடியது என்று இப்ராஹீம் நபி (அலை) அவர்களின் வேண்டுதலில் திருமறை சொல்லும் 'கல்பு ஸலீம்' பழுதற்ற உள்ளம். 'ஸலாம்' என்பதோ இறைவனின் திருநாமங்களுள் ஒன்று. இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை. அரபுக் கல்வி கற்ற ஒருவர், தமிழில் அந்த வேர்ப்பொருளுக்கு மிக அண்மையில் நிற்கும் சொல்லைத் தேடியபோது நிராமயத்தை வந்தடைந்தாரா, அல்லது யாப்பும் வழக்கும் அவர் கையில் அதைத் தந்தனவா என்பது ஆராயத்தக்கது. தேடி எடுத்தார் என்றே நான் எண்ணுகிறேன். விளிகளை அத்தனை கருத்தாகப் பயன்படுத்திய ஒருவர் இந்த ஒன்றை மட்டும் எண்ணாமல் போட்டிருக்க மாட்டார்.